முன்னூற்று நாற்பது ரூபாய்

லதுசன் அன்றைக்குக் கடனைத் திருப்பித் தந்தான்.
முன்னூற்று நாற்பது ரூபாய்.
சைக்கிள் ரியூப்புக்கும் போட்டோகொப்பிக்குமாய்
எப்பவோ வாங்கியது; நானே மறந்தது.
ஐந்து ரூபாய்க் குற்றி வரைக்கும் எண்ணி
என் கொப்பிக்கு மேலே வைத்தான்.

அதற்கு முதல் கிழமை
கல்குலேற்றரைக் கஜீபனுக்குக் கொடுத்திருந்தான்,
கீப்பிங் கிளவுஸைப் பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு.
மூன்று மாதமாய் உம்மென்று இருந்தவன்
திடீரென்று எல்லோரோடும் சிரித்தான்.
"பொடியனுக்குப் பொறுப்பு வந்திட்டுது" என்றார் கணக்கு சேர்.
எனக்கு மட்டும்
பயணம் போகிறவன் வீட்டில்
வெறும் அலுமாரியைப் பார்த்த மாதிரி இருந்தது.

கோண்டாவிலில் எங்கள் ரியூசன் மதிலில்
மூன்று ஏ எடுத்தவர்களின் படங்கள்,
வெயிலில் வெளிறிய சிரிப்புகள்.
அதன் கீழேதான் சைக்கிள் விடுவோம்.
அவன் அப்பா கட்டாரிலிருந்து எடுத்தால்
முதல் கேள்வி மார்க்ஸ்.
இரண்டாவது கேள்விக்கு முதல் லைன் அறுந்துவிடும்.
ஆனாலும் அதுதான் காரணம் என்று எழுத மாட்டேன்.
ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துக்கொள்வது ஊரின் வேலை.
அவனுக்குள் கிடந்தது சிக்குப்பட்ட வலை,
எந்த நுனியை இழுத்தாலும் மற்றது இறுகும்.

கேட்டால் கிளறிவிடுமாம், கேட்காதே
என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது.
இரண்டு பாடம் முழுக்க அதையே யோசித்தேன்.
இரசாயனம் ஒன்றும் ஏறவில்லை.
எல்லோரும் போன பிறகு
செயின் கழன்ற மாதிரிப் பாவனை பண்ணி
அவனை மறித்தேன்.
கையில் கிறீஸ். வாயில் சொல்லில்லை.
பக்கத்துக் கோயிலில் ஸ்பீக்கர் அலறியது,
கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது:

"டேய், நீ சாகப் போறியோ?"

பாட்டு அந்த நேரம் பார்த்து நின்றது.
பாண் விற்கிற ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவன் கோபிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.
நிறைய நேரம் பெடலைக் கையால் சுற்றினான்.
பிறகு, "ஓம் போல" என்றான்.

ஓம் இல்லை. ஓம் போல.
அந்தப் 'போல'வுக்குள்
ஒரு ஆள் நிற்க இடமிருந்தது.
நான் அதில் போய் நின்றேன்.

"சாக ஆசையில்லையடா.
இப்பிடி இருக்க ஏலாமல் கிடக்கு."
நான் ஒரு புத்தியும் சொல்லவில்லை,
தெரிந்தால்தானே சொல்ல.
இருட்டியது. நுளம்பு.
இரண்டு பேரும் சொறிந்துகொண்டு இருந்தோம்.
"ஒருத்தருக்கும் சொல்லாதை. சத்தியம் பண்ணு."
பண்ணினேன்.
அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டு
படலை சாத்த முதலே அதை உடைத்தேன்.

தையல் மெசினில் இருந்த அவன் சித்தி
ஊசிக்குக் கீழே துணி கிடக்க எழும்பினா.
கத்தவில்லை. ஊருக்குத் தெரிந்தால் என்று இழுக்கவில்லை.
அன்றிரவு அவன் அறைக்குள்ளேயே பாய் விரித்தா.
விடியப் பெரியாசுப்பத்திரி, மனநலக் கிளினிக்,
பதினேழாம் நம்பர்த் துண்டு.
"தம்பிக்கு என்ன வருத்தம்?" என்று
வாங்கில் பக்கத்தில் இருந்தவ கேட்க,
"வருத்தம்தான்" என்றானாம்.

ஏழு கிழமை லதுசன் என்னோடு கதைக்கவில்லை.
சைக்கிளை மற்ற மதிலில் விட்டான்.
நான் தூரத்திலிருந்து பார்ப்பேன்:
வந்திருக்கிறான்.
இன்றைக்கும் வந்திருக்கிறான்.
கோபமாய் இருக்கிறவன், இருக்கிறான்.
எனக்கு அது காணும்.

எட்டாம் கிழமை பக்கத்தில் வந்து,
"செயின் கழரேல்லை எண்டு
எனக்கு அப்பவே தெரியும்" என்றான்.

இப்பவும் சில நாள் அவனுக்குச் சரியில்லை.
பத்துக்கு எத்தனை என்று கேட்பேன்.
ஏழென்றால் படிப்போம்.
மூன்றென்றால் போய்ப் பக்கத்தில் இருப்பேன்.
அதற்கும் கீழென்றால் சித்தி, டொக்டர், எல்லோரும்.
ஒருநாள் அவன் என்னைக் கேட்டான்.
"நாலு" என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அந்த முன்னூற்று நாற்பதையும்
குற்றி வரைக்கும் எண்ணி
அவன் பொக்கற்றுக்குள் திணித்தேன்.
"என்னடா இது?"
"எனக்கு வேண்டாம்.
கடன் இருக்கட்டும்."